பஸ்ஸை நிறுத்தாதே! ஸ்டாப்பிலே நிறுத்து!



ராத்திரி ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்து, கோயில் வாசலில் நின்று, விடியக்காலை நாலே முக்காலுக்கு ஹாரன் அடித்துக் கிளம்புமே ஒரு பஸ், ஞாபகம் இருக்கிறதா? ஹால்ட் பஸ் என்று சொல்வோம். அந்த ஹாரன் சத்தத்துக்குத்தான் பாதி ஊர் எழுந்திருக்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் யார் வீட்டிலாவது ஒரு சொம்பு சுடுதண்ணி போகும். கத்தரிக்காய் மூட்டை, கீரைக் கட்டு, ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பூ எல்லாம் ஏறும். ஆறு மணிக்குள் டவுன். உழவர் சந்தையில் தராசு பிடிக்கும்போது இன்னும் முழுசாக விடிந்திருக்காது.

இன்றைக்கு அந்த பஸ் எங்கே?

முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. கேட்டோம். "டிரைவர் லீவுங்க" என்றார்கள். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. "வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கு, வந்திரும்" என்றார்கள். வண்டி வந்தது, ஆனால் நம்ம ஊருக்கு வரவில்லை. மூன்று மாசம் கழித்து பஸ் ஸ்டாண்டில் எழுதியிருந்த நேரப் பலகையில் நம்ம ஊர்ப் பெயருக்கு மேலே வெள்ளையடித்துவிட்டார்கள். தண்டோரா இல்லை, ஊராட்சிக்கு ஒரு கடிதம் இல்லை, ஸ்டாப்பில் ஒரு நோட்டீஸ் கூட இல்லை. சுண்ணாம்பு மட்டை ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது!

இப்போது முதல் பஸ் ஏழு இருபதுக்கு. அதுவும் ஊருக்குள் வராமல் விலக்கிலேயே திரும்பிவிடுகிறது. விலக்கு வரைக்கும் இரண்டரைக் கிலோமீட்டர் மூட்டையைத் தலையில் வைத்து நடக்க வேண்டும்.

இந்த நோட்டீசில் ஊர்ப் பெயர் போடவில்லை. காரணம் இருக்கிறது. போட்டால் அந்த ஒரு ஊருக்கு மட்டும் நாலு நாள் பஸ் விட்டு வாயை அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்தும் இருக்கிறார்கள். எந்த ஊர்க்காரர் படித்தாலும் இது தன் ஊர்க் கதைதான் என்பார். அதனால் இது எல்லா ஊருக்குமான நோட்டீஸ்.

மூட்டைக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்போம். ஒரு மூட்டையில் 40 கிலோ கத்தரிக்காய் என்று வையுங்கள். எட்டரை மணிக்கு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் வாங்குகிற ஜனம் வாங்கிவிட்டுப் போயிருக்கும். மீதியைத் தள்ளிவிடக் கிலோவுக்கு 4 ரூபாய் குறைத்தால் 160 ரூபாய் போச்சு. நேரத்தோடு போகவேண்டும் என்றால் லோடு ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒரு மூட்டைக்காரனுக்கு லோடு ஆட்டோ கட்டுமா? பூ இன்னும் மோசம். இருட்டிலே பறிக்கிற மொட்டு வெயில் ஏறினால் வாய் பிளந்துவிடும். மலர்ந்த மல்லிகையை எவன் எடுப்பான்? அஞ்சு மணி பஸ்ஸை எடுத்தவர்களுக்கு, பஸ்ஸோடு சேர்த்து அந்த நாளின் விலையையும் எடுத்துவிட்டோம் என்று தெரியுமா?

1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். தரகன் இல்லாமல் விவசாயி நேரே விற்கலாம் என்றார்கள். நல்ல காரியம், யாரும் மறுக்கவில்லை. சந்தைக்குக் கொண்டு போகிற மூட்டைக்கு அரசு பஸ்ஸில் லக்கேஜ் கட்டணம் வேண்டாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். மூட்டைக்கு டிக்கெட் இல்லை, சரி. மூட்டையை ஏற்ற பஸ் எங்கே ஐயா? பஸ்ஸே இல்லாத ஊருக்குக் கட்டணச் சலுகை கொடுப்பது, மாடே இல்லாதவனுக்கு மூக்கணாங்கயிறு கொடுத்த கதை. கடைசியில் மறுபடியும் ஊருக்குள் வேன் கொண்டுவந்து நிறுத்துகிற தரகனிடம்தான் கையேந்தி நிற்கிறோம். அவன் சொன்னதுதான் எடை, அவன் சொன்னதுதான் விலை.

"கலெக்ஷன் இல்லை, நஷ்டம்" என்பதுதான் டெப்போவில் எப்போதும் சொல்கிற பதில். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நடைக்கும் தனித்தனியாகக் கலெக்ஷன் பார்க்கிறார்கள். காலை நடையில் போன ஆள்தான் பதினோரு மணி நடையில் திரும்பி வருவான். காலை நடையை வெட்டினால் பதினோரு மணி நடையில் ஆள் குறையும். அப்புறம் "பதினோரு மணிக்கும் ஆள் இல்லை" என்று அதையும் வெட்டுவார்கள். சாயங்கால பஸ் இல்லை என்று தெரிந்தால் காலையிலும் யாரும் ஏறமாட்டார்கள், கடன் வாங்கியாவது டூவீலர் எடுப்பார்கள். இப்படி ஒரு நடையை வெட்டி இன்னொரு நடையைச் சாகடித்துவிட்டு, ஜனங்க பஸ்ஸிலேயே ஏறுவதில்லை என்கிறார்கள். ஒரு நாள் நாலே முக்கால், ஒரு நாள் அஞ்சரை, ஒரு நாள் வரவே இல்லை என்றால் எவன் நம்பிப் பூவைப் பறிப்பான்?

இன்னொரு விஷயம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நம்ம வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய உதவி, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் "எல்லாம் ஓசி டிக்கெட், என்ன கலெக்ஷன் வரும்?" என்று நம்மையே குத்திக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசி இல்லை ஐயா! அந்தப் பயணத்துக்கு அரசு ஈடு கொடுக்கிறது. திட்டத்தை அறிவித்தபோதே ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்றார்கள். அது நம்ம வரிப்பணம். களையெடுக்கப் போகிற பெண்கள் கைகாட்டும்போது பத்தடி தள்ளி நிறுத்தி ஓடவிடுவதும், நிறுத்தாமலே போவதும் இனி நடக்கக் கூடாது.

போர்டு மாற்றுகிற வேலையையும் சொல்ல வேண்டும். அதே பஸ், அதே ஓட்டை ஜன்னல், அதே டிரைவர். முன்னால் 'எக்ஸ்பிரஸ்' என்று ஒரு போர்டு மட்டும் புதுசு. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றி, போராட்டம் நடந்த பிறகு கொஞ்சம் குறைத்தபோது, புறநகர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, விரைவு பஸ்ஸுக்கு 75 காசு என்று வைத்தார்கள். போர்டு மாறினால் கிலோமீட்டருக்கு 17 காசு கூடுதல். காசு போவதுகூடப் பரவாயில்லை, ஸ்டாப்பே போய்விடுகிறது. "ஆத்தா, இது எக்ஸ்பிரஸ், அங்கன நிக்காது. அடுத்த ஸ்டேஜுக்கு டிக்கெட் எடுத்துட்டு இறங்கி நடந்து வாங்க" என்கிறார் கண்டக்டர். காசையும் கூடக் கொடுத்து, தாண்டிப் போய், திரும்பி நடக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பாஸும் எக்ஸ்பிரஸில் செல்லாது. சாதாரண பஸ்ஸைக் குறைத்து எக்ஸ்பிரஸைக் கூட்டினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

நாலுவழிச் சாலை வந்ததும் நம்ம ஸ்டாப் என்ன ஆனது? ரோட்டுக்கு நிலம் கொடுத்தவர்கள் நாம். கிணற்றையும் புளியமரத்தையும் கொடுத்தோம். ஊரை இரண்டாகப் பிளந்து நடுவில் சுவர் வைத்து மேம்பாலம் கட்டினார்கள். நம்ம ஸ்டாப் பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் கிடக்கிறது, பஸ் பாலத்துக்கு மேலே பறக்கிறது! பாலம் இறங்குகிற இடத்தில், விளக்கில்லாத இருட்டில், லாரிகளுக்கு நடுவே இறக்கிவிடுகிறார்கள். வயசானவர்கள் கைப்பிள்ளையோடு சென்டர் மீடியனைத் தாண்டி ஓடுகிறார்கள். நிழற்குடை கட்டியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஊர் ஒரு பக்கம், நிழற்குடை அரைக் கிலோமீட்டர் தள்ளி. அதில் ஆடுதான் படுத்திருக்கிறது.

பெரிய ஊர்களில் பஸ் ஸ்டாண்டையே ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறார்கள். சென்னையில் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம், திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூர். நெரிசல் குறையும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் மூட்டையோடு வருகிறவனும், பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டி வருகிறவனும் அங்கே இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். மூட்டையை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி! நெரிசல் நகரத்துக்குக் குறைந்தது, அதன் செலவு கிராமத்தான் தலையில் விழுந்தது.

லாபம் வந்தால்தான் பஸ் என்றால், பஸ்ஸை அரசுடைமை ஆக்கியதே எதற்கு? 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று பெயர் வைத்துக் கழகங்கள் தொடங்கியபோது என்ன சொன்னார்கள்? முதலாளி லாபத் தடத்தில்தான் பஸ் விடுவான், அரசு விட்டால்தான் குக்கிராமத்துக்கும் பஸ் போகும் என்றார்கள். நாமும் கைதட்டினோம். அப்போது சொன்ன காரணம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, பஸ்தான் இல்லை.

"மினி பஸ் வருது, பொறுங்க" என்கிறார்கள். 1997-லும் மினி பஸ் வந்தது. பஸ் போகாத தடத்தில் 16 கிலோமீட்டர், பஸ் போகிற தடத்தில் 4 கிலோமீட்டர் என்று விதி போட்டார்கள். நடந்தது என்ன? கூட்டம் ஏறுகிற அந்த 4 கிலோமீட்டரிலேயே பல வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. 2025 ஜூனில் புதிய திட்டம் தொடங்கித் தூரத்தை 25 கிலோமீட்டராக நீட்டியிருக்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனியார் மினி பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் கிடையாது. விடியக்காலை நாலே முக்காலுக்கு மூன்று பூக்காரர்களுக்காக அவன் வண்டி எடுப்பானா? மினி பஸ்ஸைக் காட்டி ஹால்ட் பஸ்ஸை வெட்டுவதை ஏற்க முடியாது.

சட்டம் தெரியாதவர்கள் என்று நம்மை நினைக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 102-ஆம் பிரிவின்படி, அரசுடைமைத் தடத் திட்டத்தை மாற்றுவதென்றால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் வாதம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். "இது திட்ட மாற்றம் இல்லீங்க, நிர்வாக ஏற்பாடு" என்று நழுவுவார்கள். அப்படியானால் அந்த ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? எந்தத் தேதியில்? 2005 தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். நம்ம தடத்துக்கு அனுமதித்த நடை எத்தனை, கடந்த ஒரு வருஷத்தில் ஓட்டிய நடை எத்தனை, வெட்டிய நாட்களுக்குக் காரணம் என்ன, ஒவ்வொரு நடைக்கும் கலெக்ஷன் எவ்வளவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மாதிரி மனு சங்கத்தில் இருக்கிறது, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவோம்.

டிரைவர், கண்டக்டர்கள் மேல் நமக்குச் சண்டை இல்லை. ஆள் பற்றாக்குறையில் டபுள் டூட்டி பார்த்து, கொசுக்கடியில், கக்கூஸ் இல்லாத ஊரில் பஸ்ஸுக்குள்ளேயே படுத்து எழுந்தவர்கள் அவர்கள். ஹால்ட் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. நம்ம பக்கத் தப்பும் உண்டு. ஐம்பதடிக்கு ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி கண்டக்டர் சட்டையைப் பிடித்ததும், படியில் தொங்கிய பையனைக் கேட்டதற்குக் கண்ணாடியை உடைத்ததும் நம்ம ஊர்களில்தான். அதை நாமே நிறுத்த வேண்டும். ஹால்ட் போடுகிற ஒவ்வொரு ஊரிலும் கக்கூஸ், தண்ணீர், மின்விசிறியோடு ஒரு அறை ஒதுக்கிக் கொடுக்க ஊராட்சியில் தீர்மானம் போடச் சொல்வோம். இதை எழுதியே கொடுக்கிறோம்.

நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வெட்டிய ஹால்ட் பஸ்ஸைப் பழைய நேரத்துக்கே விடு! விலக்கில் திருப்பாமல் ஊருக்குள் வந்து திருப்பு! சந்தை நேரத்திலும் பள்ளி நேரத்திலும் சாதாரண பஸ்ஸின் போர்டை மாற்றாதே! பாலத்துக்கு மேலே போகாமல் சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஏற்றிப் போ! இனி எந்த நடையை எடுப்பதென்றாலும் ஒரு மாதம் முன்னால் ஊராட்சியைக் கேள்!

மின்கட்டணப் போராட்டத்தில் 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளை ஓட்டிப் போய் நிறுத்தி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள் நம்ம பெரியவர்கள். இன்றைக்கு நம்மிடம் அந்த மாடும் இல்லை, வண்டியும் இல்லை. தலை இருக்கிறது, தலையில் மூட்டை இருக்கிறது.

ஆகவே வருகிற திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாளில், தலைச்சுமையோடு போகிறோம். வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மூட்டையோ கூடையோ. காய் வேண்டாம், வீணாகிவிடும், வைக்கோல் அடைத்த சாக்கு போதும். விடியக்காலை நாலே முக்காலுக்கு, ஹால்ட் பஸ் கிளம்பிய அதே நேரத்துக்கு, அவரவர் ஊர் ஸ்டாப்பில் கூட வேண்டும். அங்கிருந்து விலக்கு வரைக்கும் நடை. விலக்கில் சங்கத்து டிராக்டர்கள் நிற்கும். பச்சைத் துண்டு இல்லாதவர்கள் சனிக்கிழமைக்குள் கிளைச் செயலாளரிடம் வாங்கிக்கொள்ளவும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம், பரீட்சை நேரம்.

இவண்,
விவசாயிகள் சங்கம்