நிலையாமையும் பிறர் தயவும்

'பிரிகேரியஸ்' என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது? மொழிபெயர்ப்பு வகுப்பில் மாணவர் 'நிலையற்ற' என்று எழுதுவர்; நாமும் சரியெனக் குறியிடுவோம். அது போதுமா என்பதே என் வினா.

இச்சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. இறைஞ்சுதல், வேண்டுதல் எனப் பொருள்படும் வேரினின்று, 'வேண்டிப் பெற்றது' என்னும் பொருளில் இது பிறந்தது. இறைவேண்டலைக் குறிக்கும் 'பிரேயர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரின் கிளையே. உரோமானியச் சட்டத்தில், ஒருவர் வேண்டிக்கொள்ள, உரிமையாளர் தம் நிலத்தைத் துய்க்க இசைவளிக்கும் முறை உண்டு. விரும்பியபோது அவர் அதனைத் திரும்பப் பெறலாம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தபோதும், பிறர் விருப்பத்தைச் சார்ந்தது என்பதே பொருள்.

பின்னர் ஆடும் ஏணிக்கும் நோயாளியின் உடல்நிலைக்கும் இச்சொல் பரவியது. 1755இல் வெளியான தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இதனைக் கண்டித்தார். பிறரைச் சார்ந்திருப்பதால் வரும் உறுதியின்மை ஒன்றையே இது குறிக்கும் என்பது அவர் கருத்து. வழக்கு அவரைக் கடந்து சென்றது. ஆயினும் பழம்பொருள் மறையவில்லை. பணிப் பாதுகாப்பற்ற உழைப்பாளரை இவ்வேரினின்று எழுந்த 'பிரிகேரியட்' என்னும் பெயரால் சுட்டி, கை ஸ்டாண்டிங் 2011இல் ஒரு நூலே எழுதினார்.

நம் 'நிலையாமை' வேறு. திருக்குறளில் அஃது ஓர் அதிகாரம். நாலடியாரில் செல்வம், இளமை, யாக்கை என மூன்று அதிகாரங்களாய் விரிவது. அரசனுக்கும் ஆண்டிக்கும் பொதுவானது, எவராலும் மாற்றவொண்ணாதது. ஆண்டுதோறும் பணி ஆணைக்குக் காத்திருக்கும் தற்காலிக விரிவுரையாளரின் நிலை அத்தகையதன்று. அது மனிதர் வகுத்தது. ஒரு கையொப்பத்தால் மாறக்கூடியது. அதனையும் 'நிலையற்றது' என்று மட்டும் எழுதினால், மனிதர் செய்ததை ஊழின் மேல் ஏற்றியவராவோம்.

ஆகவே, சாயும் சுவருக்கு 'நிலையற்ற' என்பது பொருந்தும். பிறர் மனம் வைத்தால் மட்டுமே நீடிக்கும் பணிக்குப் 'பிறர் தயவில் நிற்கும்' என்று எழுதுவதே தகும். தொடர் சற்று நீளும். எனினும் யாருடைய தயவு என்று படிப்போரைக் கேட்க வைக்கும். மொழிபெயர்க்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மனங்கொள்வாராக. பணி வழங்கும் நிலையில் உள்ள பெரியோரும் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.