பூக்கம்பளம் என்னும் பொய்

பாலையில் மழை பெய்ததாகச் செய்தி வந்த மறுநாளே எங்கள் நண்பர் வட்டத்தில் விசாரணை தொடங்கிவிடுகிறது. எந்த வாரம் பூக்கும், எந்த இடத்தில் அடர்த்தியாகப் பூக்கும், சென்ற முறை புகழ்பெற்ற அந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தார்கள்? கலிஃபோர்னியப் பாலைகளுக்கு ஒளிப்படக்கருவியும் முக்காலியுமாகப் போய்வரும் வழக்கமுள்ளவர்கள் நாங்கள். ஆகவே இங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டில் எங்களையும் சேர்த்தே வாசிக்குமாறு வேண்டுகிறோம். ஏற்கனவே பார்த்துவிட்ட ஒரு படத்தை மீண்டும் எடுப்பதற்காகப் போடப்படும் திட்டம் பயணத்திட்டமே அல்ல. அது கொள்முதல் பட்டியல்.

டெத் வேலியின் ஆண்டு மழையளவு சராசரியாக 50 மில்லிமீட்டர் அளவே. 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கே நிகழ்ந்த பெரும்பூப்பை உலகம் கண்டது, படங்களில். நேரில் நின்றவர்கள் கண்டது வேறு. ‘பாலைப் பொன்’ எனப்படும் மஞ்சள் பூச்செடிகள் பல இடங்களில் ஒன்றுக்கொன்று எட்டியே நிற்கும். நடுவே கல்லும் சரளையும். தரையோடு தரையாகப் படுத்து, டெலிஃபோட்டோ லென்ஸ் வழியாகப் பார்த்தால் அவ்விடைவெளிகள் மடிந்து மறைந்து மஞ்சள் கம்பளம் விரிகிறது. நாங்களும் அப்படி எடுத்தோம், பாராட்டும் பெற்றோம். இருக்கும் சொற்ப நீரைப் பங்கிட்டுக்கொண்ட கணக்கு அந்த இடைவெளியில்தான் எழுதப்பட்டிருந்தது. அதைத்தான் நாங்கள் அழித்தோம்.

கம்பளத்தைக் காட்டினால் அதன்மேல் புரள ஆள் வரத்தானே செய்யும்? 2019 மார்ச்சில் லேக் எல்சினோர் நகரை ஒட்டிய வாக்கர் கன்யனில் ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்களைக் காணப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். (கறாராகச் சொன்னால் அது பாலையுமன்று, புதர்க்காட்டு மலைச்சரிவு.) நெடுஞ்சாலை திணறியது. பாதையை விட்டு விலகியவர்கள் பூக்களின்மேல் படுத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகர நிர்வாகம் பள்ளத்தாக்கை மூட நேர்ந்தது. 2023இல் கூட்டம் சேரும் முன்னரே மூடிவிட்டார்கள். அதே 2019இல் ஆன்டிலோப் வேலியின் பாப்பி வயலில் ஹெலிகாப்டரில் வந்திறங்கிய இருவரும் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எங்கள் படங்களுக்கும் அவர்கள் பயணத்துக்கும் தொடர்பில்லை என்று சாதிப்பதுதான் கடினம்.

இங்கே வழக்கமாக ஒரு வாதம் எழும்: எப்படியும் இரண்டு வாரத்தில் வாடப்போகிற பூதானே? இதைவிட அபத்தமான வாதம் இல்லை. ஓராண்டுத் தாவரத்திற்குப் பூ முடிவன்று. விதை விழும்வரை அதன் வேலை முடிவதில்லை. சில இனங்களின் விதையுறையில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் உண்டு. அதைக் கழுவிச் செல்லும் அளவுக்கு மழை பெய்தாலொழிய விதை அசையாது. நல்ல மழையாண்டிலும் எல்லா விதைகளும் முளைப்பதில்லை. ஒரு பங்கு மண்ணிலேயே காத்திருக்கிறது. அரிசோனாவின் டூசான் நகரில் டுமமாக் குன்றில் 1982 முதல் ஆண்டுதோறும் செடிகளை எண்ணிவந்த ஆய்வாளர்கள் இந்த எச்சரிக்கையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வறண்ட ஆண்டுகளுக்கான சேமிப்பு நிரம்புவது பெரும்பூப்பு ஆண்டுகளில்தான். நாம் மிதிப்பது அந்தச் சேமிப்பை.

ஒளிப்பட இலக்கணத்தின் கதையும் வேடிக்கையானது. விடியற்காலைப் பொன்னொளிக்காக நள்ளிரவில் புறப்பட்டு ஓடுகிறோம். பாப்பியோ இரவில் இதழ் மூடி, வெயில் ஏறிய பிறகே விரிகிறது. குளிரிலும் மேகமூட்டத்திலும் பல வேளை விரிவதே இல்லை. ஆன்சா-பொரேகோ மணல்வெளியின் வெள்ளை அந்திப்பூக்கள் மாலையில் மலர்ந்து மறுநாள் வெயிலில் வதங்குகின்றன. செடியின் பொழுதை விசாரிக்காமல் போடும் நிகழ்ச்சிநிரல் எதற்கு?

“நீங்கள் மட்டும் போகலாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, சுடவும் செய்கிறது. யாரும் போகக்கூடாது என்பதல்ல எங்கள் தரப்பு. பாதையில் நின்று எடுக்க முடியாத படம் எங்களுக்கு வேண்டாம் என்கிறோம். பூக்காத ஆண்டிலும் ஒருமுறை அதே இடத்திற்குப் போய் வெறும் சரளையை எடுத்து வாருங்கள் என்கிறோம். இடத்தின் பெயரைப் படத்தின் கீழே எழுதாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. நாமோ அட்சரேகை தீர்க்கரேகையோடு முகவரியே கொடுத்துவிட்டோம்.

இக்கடைசி விஷயத்தில் எங்களுக்குள்ளேயே உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடப்பெயரை மறைப்பது ஒருவகை மேட்டிமைத்தனம் என்று வாதிடும் நண்பர் தம் படத்தை எங்கள் கூட்டுத் தொகுப்பிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். தொகுப்பிலேயே சிறந்த படம் அது. அந்தப் பக்கத்தை நாங்கள் இன்னும் நிரப்பவில்லை.