நடக்கறதுல என்ன சார் போட்டி?

"நடக்கறதுல என்ன சார் போட்டி? ஓட முடியாதவங்கதானே நடப்பாங்க!" வேகநடைப் பந்தயம் என்று சொன்னதுமே பலரும் கேட்கிற கேள்வி இது. டி.வி.யில் அந்தப் பந்தயத்தைக் காட்டினால் கூடத்தில் ஒரே சிரிப்புதான். இடுப்பை ஒடித்து ஒடித்து, முழங்கையை ஆட்டிக்கொண்டு வரிசையாக நாற்பது பேர் வந்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்த பிறகு போலந்து நாட்டு ராபர்ட் கொஷெனியோவ்ஸ்கியைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். பெயர் வாயில் நுழையவில்லையா? ராபர்ட் என்றே வைத்துக்கொள்வோம்.

1968-ல் பிறந்தவர். சிறுவயதில் மூட்டுவாத நோய் அவரைப் படுத்தி எடுத்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் வெறும் நடையிலேயே நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். 1996 அட்லாண்டாவில் 50 கிலோமீட்டர். 2000 சிட்னியில் 20, 50 இரண்டிலுமே தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டையும் வென்றவர் அதுவரை யாருமில்லை. 2004 ஏதென்ஸில் மறுபடியும் 50. அத்தோடு ஓய்வு.

இடையில், 2003-ல் பாரிஸ் உலகப் போட்டியில் அவர் 50 கிலோமீட்டரை நடந்து முடித்த நேரம் 3 மணி 36 நிமிடம் 3 விநாடி. அன்றைக்கு அது உலக சாதனை. கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர்! நம்மில் பலர் ஓடினால்கூட அந்த வேகத்தை ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்க மாட்டோம்.

ஆனால் எனக்கு அவருடைய தங்கங்களைவிடப் பெரிதாகத் தெரிவது 1992-ம் வருஷம் பார்சிலோனாவில் நடந்ததுதான். அதற்கு முன் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகநடைக்கு விதி இரண்டே இரண்டு. ஒன்று, பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பியதாகத் தெரியக் கூடாது. இரண்டு, முன்னால் வைக்கிற கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும் வரை முழங்கால் மடங்கக் கூடாது. வழியெல்லாம் நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாளில் மூன்று நடுவர்கள் தனித்தனியாகச் சிவப்பு அட்டை எழுதினால் ஆள் காலி. இப்போது பெரிய போட்டிகளில் மூன்றாவது அட்டைக்குச் சில நிமிடம் ஓரமாக நிற்க வைக்கிறார்கள். நான்காவது வந்தால்தான் வெளியே.

பார்சிலோனாவில் ராபர்ட் ஏறக்குறைய 50 கிலோமீட்டரையும் நடந்துவிட்டார். ஸ்டேடியம் வந்துவிட்டது, பதக்கம் கைக்கெட்டும் தூரம். அந்த இடத்தில் சிவப்பு காட்டி நிறுத்திவிட்டார்கள்! மூன்றரை மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு, வருஷக் கணக்கான பயிற்சி எல்லாம் போச்சு. நாமாக இருந்தால் "நடுவருக்குக் கண் சரியில்லை" என்று ஆயுசு முழுக்கப் புலம்பியிருப்போம். அவர் தன் நடையைத் திருத்திக்கொண்டார். பிறகு வந்த காலத்தில் சுத்தமான நடைக்கு அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

அதே விதி சிட்னியில் அவருக்குத் தங்கம் கொடுத்தது. 20 கிலோமீட்டரில் முதலில் கோட்டைத் தொட்டவர் மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா. அவர் நாட்டு ஜனாதிபதியே போனில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "நீங்கள் தகுதி இழந்துவிட்டீர்கள்" என்று நடுவர் வந்து சொன்னார். பின்னால் வந்த ராபர்ட்டுக்குத் தங்கம். விதிக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது.

சரி, இதில் நமக்கு என்ன?

முதல் விஷயம், பிள்ளைகள். மூட்டு வலி, இளைப்பு என்று ஒரு தடவை வந்துவிட்டால் போதும், டாக்டர் சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்து, "நம்ம பிள்ளைக்கு பி.டி. பீரியடே வேண்டாம்" என்று பள்ளிப் படிப்பு முடியும் வரை உட்கார வைத்துவிடுகிறோம். மூட்டுவாதக் காய்ச்சல் சில பிள்ளைகளுக்கு இதய வால்வைத் தாக்கும் என்பது உண்மைதான். அதனால் முடிவு டாக்டருடையது. ஆனால் அவரிடம், "எத்தனை நாள் ஓய்வு? எப்போதிலிருந்து நடக்கலாம், விளையாடலாம்?" என்று கேட்பது நம் வேலை. கேட்கிறோமா? வியாதி போன பிறகும் சர்டிபிகேட் மட்டும் போகாமல் இருப்பது அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் அநியாயம்.

இரண்டாவது, நாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம் வேகநடை. அவ்வளவுதான்! அதற்காக ராபர்ட் மாதிரி முழங்காலை விறைத்து நடக்க வேண்டாம். அது பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. நமக்கு வேண்டியது எளிது. குதிகால் முதலில் பதியட்டும், கை முழங்கையில் மடங்கி வீசட்டும். எட்டி எட்டிக் கால் வைப்பதைவிடச் சின்ன அடியாக, அதிக அடியாக வைத்தால் வேகம் தானாக வரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பூங்காவில் நம் காலைப் பார்க்க நடுவர் யாரும் இல்லை. நமக்குச் சிவப்பு அட்டை காட்டுவது நம்ம உடம்புதான். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல்... இதில் ஒன்று வந்தாலும் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று அடம்பிடிக்காதீர்கள். அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிறுத்தப்பட்ட மனிதர்தான் திரும்பி வந்து நான்கு தங்கம் வாங்கினார். நின்றால் மானம் போகாது. டாக்டர் சரி என்றதும் மறுபடி செருப்பை மாட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள்!