நாணயம் விற்போர்க்கு நாணயம் வேண்டாவா?

கிருட்டிணகிரிச் சிற்றூர்களினின்று கன்னட எல்லையோர ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வந்து உழைக்கும் இளைஞன், இரவுப் பணி முடித்துக் கைப்பேசியைத் திறக்கின்றான். ‘இந்தக் கிரிப்டோ நாணயத்தை வாங்கு, செல்வனாவாய்!’ என்று ஒருவன் சிரித்துப் பேசுகின்றான். அச்சிரிப்புக்குக் கூலி கொடுத்தவன் எவன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

கூலிக்குப் புகழ்வது குற்றமன்று. கூலியை மறைத்துப் புகழ்வதே குற்றம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் புகழாட்டி கிம் கர்தாசியன், ஈத்தீரியம்மேக்சு காசைப் பரப்ப 2,50,000 தாலர் பெற்றதை மறைத்தார் என்ற வழக்கில், 2022 அக்குதோபரில் 12.6 இலக்கம் தாலர் செலுத்தித் தீர்த்துக்கொண்டார்.

இந்திய விளம்பரத் தர மன்றமோ, ‘இவை கட்டுப்பாடற்றவை, பேரிடர் தரக்கூடியவை, இழப்புக்கு முறையீடு இல்லாமற் போகலாம்’ என்னும் எச்சரிக்கையை 2022 ஏப்பிரல் முதல் கட்டாயமாக்கியது. விளம்பரம் எம்மொழியோ, அம்மொழியிலேயே அதன் வரம்புரையும் இருத்தல் வேண்டுமென்பது 2022 சூனில் நடுவணரசு வகுத்த நெறி. பொய் விளம்பரத்திற்குப் பரிந்துரைப்போர்க்கும் 10 இலக்கம் உருபா வரை தண்டம் உண்டு.

ஆனால், நெறி ஏட்டில் உறங்கினால் என் செய்வது? ஆசை காட்டத் தமிழ், எச்சரிக்க ஆங்கிலம், அதுவும் எறும்பெழுத்தில்! தமிழனை ஏய்க்கத் தமிழ் வேண்டும்; காக்க மட்டும் வேண்டாவா?

உழைக்கும் தோழனே! பணம் போடுமுன் கேள்: ‘இதைச் சொல்ல நீ வாங்கியது எவ்வளவு?’ தெளிதமிழில் விடை வாராதாயின், உன் வியர்வைக் காசை உன் மடியிலேயே முடிந்துவை!