பணம் பெறுவதற்கு எண் எதற்கு?



குழந்தை வளர்ந்துவிட்ட வீட்டில் தொட்டில் சும்மா நிற்கும். மகள் மணமாகிச் சென்றபின் அவளுடைய தையல் இயந்திரம் மூலையில் தூசி படிந்து கிடக்கும். இத்தகைய பொருள்களை முன்னாளில் நம் குடும்பங்கள் அண்டை வீட்டாருக்கோ, பங்கிலுள்ள ஏழைக் குடும்பம் ஒன்றுக்கோ கொடுத்தன. அல்லது தெரிந்தவர் வழியாக விற்றன. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் முகமறிந்தவர்களாய் இருந்தனர்.

இன்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, விலையையும் எழுதி, இணையத்தில் போட்டுவிடுகிறோம். உலகமே நம் வாசலில் நிற்கும் சந்தையாகிவிடுகிறது. இதைக் குறைகூற நாம் வரவில்லை. ஒருவருக்குப் பயன்படாதது மற்றொருவருக்குப் பயன்படுவது நல்லதே. ஆனால் நம் வாசலுக்கு வருகிறவர்களில் வாங்க வருகிறவர் யார், பறிக்க வருகிறவர் யார் என்பதை அறிந்துகொள்ளும் வழி நம்மில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் ஒரு குடும்பம் பட்ட துன்பத்தை நாம் அருகிருந்து கண்டோம். ஆகவேதான் இம்மாதம் இதைப்பற்றி எழுத முற்பட்டோம்.

சங்கராபுரத்துக்கு அருகே ஒரு கிராமம். கணவர் சென்னையில் கட்டட வேலை செய்கிறார். மூத்த மகள் கல்லூரியில் சேரும் நேரம். கட்டணத்துக்குச் சேர்த்து வைத்த பணம் வங்கியில் இருந்தது; சிறிது குறைந்தது. அந்தக் குறையை நிரப்ப, தாயார் தம்முடைய தையல் இயந்திரத்தை 6,500 ரூபாய்க்கு விற்பதாக இணையத்தில் விளம்பரம் செய்தார். அரைமணி நேரத்தில் அழைப்பு வந்தது. பேசியவன் தன்னை இராணுவ வீரன் என்றான். சீருடையணிந்த படமும் அடையாள அட்டையும் அனுப்பினான். விலை பேசவில்லை, பொருளைப் பார்க்கவும் வரவில்லை. “உங்கள் பேச்சிலேயே நம்பிக்கை வந்துவிட்டது அம்மா, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்றான்.

முதலில் ஐந்து ரூபாய் அனுப்பினான். அது உண்மையாகவே வந்து சேர்ந்தது. பிறகு கறுப்புக் கட்டங்கள் நிறைந்த சதுரப் படம் ஒன்றை அனுப்பினான். “இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, உங்கள் பின் நம்பரைப் போடுங்கள் அம்மா, பணம் வந்துவிடும்” என்றான். அவர் அவ்வாறே செய்தார். 6,500 ரூபாய் வருவதற்குப் பதிலாகப் போயிற்று. “தவறு நேர்ந்துவிட்டது, இரண்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்” என்று இன்னொரு படம் வந்தது. அதற்கும் எண்ணைப் போட்டார். 13,000 ரூபாய் போயிற்று. சில நிமிடங்களில் 19,500 ரூபாய் கைவிட்டுப் போனபின், அந்த எண் மறுபடி ஒலிக்கவேயில்லை.

இதைவிடத் துயரமானது பின்னால் நடந்தது. அந்தத் தாயார் நான்கு நாட்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவர் என்ன சொல்வாரோ என்ற அச்சம். ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். கட்டணம் கட்டவேண்டிய நாளில்தான் உண்மை வெளிப்பட்டது. ஐந்தாம் நாள் புகார் கொடுத்தார்கள். அதற்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. மகள் கடன் வாங்கிய பணத்தில்தான் கல்லூரியில் சேர்ந்தாள். அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘விவரம் அறியாதவர் ஏமாந்தார்’ என்று நம்மில் யாரும் எண்ணிவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில், அப்போது டில்லி முதலமைச்சராயிருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் பழைய சோபா ஒன்றை இணையத்தில் விற்க முயன்றார். வாங்குவதாகச் சொன்னவன் முதலில் சிறு தொகை அனுப்பினான். பிறகு ஸ்கேன் செய்ய ஒரு கோடு அனுப்பினான். 20,000 ரூபாய் போயிற்று. தவறு நேர்ந்ததென்று கூறி மறுமுறை செய்யவைத்ததில் 14,000 ரூபாய் போயிற்று. ஆக 34,000 ரூபாய். முதலமைச்சர் இல்லத்திலும் நம் சிற்றூரிலும் நடந்தது ஒரே நாடகம்.

ஒரே நாடகமாய் இருப்பதற்குக் காரணம், இது சிலருக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது என்பதாகும். 2023 ஏப்ரல் இறுதியில் அரியானா மாநிலத்தின் நூ மாவட்டத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் காவலர்கள் ஒரே இரவில் பதினான்கு ஊர்களைச் சோதனையிட்டு, நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்தார்கள். இணைய மோசடிக்காகவே இத்தனை பெரிய சோதனை! இராணுவ வீரன் என்று சொல்லிக்கொள்வதும் இந்தத் தொழிலின் பாடங்களில் ஒன்று. படைவீரரிடம் நம் மக்களுக்குள்ள மரியாதையையே அவர்கள் தூண்டில் புழுவாக்குகிறார்கள்.

அப்படியானால், பெறவேண்டியவர் கொடுத்துவிடுவது எப்படி? நாம் சிந்தித்துப் பார்த்தோம். நம் பழக்கத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்தபோது கையெழுத்திட்டுத்தான் பணம் பெற்றோம். எழுதத் தெரியாத பாட்டியார் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். ரேஷன் கடையிலும் விரல் ரேகை வைத்தே அரிசி வாங்கப் பழகியிருக்கிறோம். ஆகவே, ‘பெறுவதென்றால் ஏதாவது அடையாளம் தரவேண்டும்’ என்பது நம் உள்ளத்தில் ஊறிய எண்ணம். திருடன் இந்த எண்ணத்தின் மேல்தான் ஏணியைச் சாத்துகிறான்.

கைப்பேசிப் பணமுறை இதற்கு நேர்மாறானது. 2016-இல் நம் நாட்டில் யுபிஐ முறை தொடங்கிய நாள்முதல் அதன் விதி ஒன்றே. பணம் கொடுப்பதற்குப் பொதுவாகப் பின் நம்பர் வேண்டும். நம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அது வேண்டும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். நாம் உறங்கிக்கொண்டிருந்தாலும், கைப்பேசி அணைந்து கிடந்தாலும், நமக்கு வரவேண்டிய பணம் நம் கணக்கில் வந்து விழும். அந்த எண் காசோலையில் இடும் கையெழுத்துக்குச் சமம். நமக்குப் பணம் தருவதற்காக நம்முடைய காசோலையில் நம்மையே கையெழுத்திடச் சொல்பவனை நாம் நம்புவோமா?

தனியொருவர் மற்றொருவரிடம் ‘பணம் கொடு’ என்று யுபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பும் வசதியையும் மோசக்காரர்கள் பெரிதும் பயன்படுத்தி வந்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் அந்த வசதி நிறுத்தப்பட்டது. ஒரு வாசல் அடைபட்டது. சதுரப் படத்தின் வாசல் திறந்தே இருக்கிறது. கடையில் நாம் அந்தப் படத்தை ஸ்கேன் செய்வது எதற்காக? கடைக்காரருக்குக் கொடுப்பதற்காக. விற்கிறவர் நாமாயிருக்கும்போது நாம் எதற்காக அதை ஸ்கேன் செய்யவேண்டும்?

மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை மறைவிலே, ஆனால் பணத்தை எண்ணுவது வெளிச்சத்திலே, நாலு பேர் பார்க்க. இணையச் சந்தையில் விலை ஊருக்கெல்லாம் தெரிகிறது. பணம் மாறுவதோ மறைவில் நடக்கிறது. மாற்றவேண்டியது இதைத்தான். முடிந்தவரை உள்ளூர்க்காரருக்கே விற்போம். பகல் நேரத்தில், கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம் போன்ற பலர் நடமாடும் இடத்தில், வீட்டார் ஒருவருடன் சென்று, பொருளைக் காட்டி, பணத்தைப் பெற்றுக்கொண்டபின் பொருளைக் கொடுப்போம். வீட்டில் தனியாயிருக்கும் பெண்கள் அறிமுகமில்லாதவருக்கு முகவரி தரவேண்டாம்.

இன்னும் சில தந்திரங்களையும் அறிந்துவைத்தல் நலம்.

‘ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று ஒருவன் பதறுவான். வங்கியிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியும் கைப்பேசியில் இருக்கும். அது அவனே அனுப்பியது. பணம் அனுப்பியதாக அவன் காட்டும் படமும் இத்தகையதே. செய்தியையும் படத்தையும் நம்பாமல், நம் வங்கிக் கணக்கின் இருப்பை நாமே பார்த்தறிய வேண்டும்.

பொருளை இலவசமாகக் கொடுப்பவர்களுக்கும் வலை உண்டு. ‘நீங்கள் உண்மையானவர்தானா என்று அறிய ஓர் எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்’ என்பான். அந்த ஆறு இலக்க எண் நம் வாட்ஸ்அப் கணக்கின் சாவி. அதைச் சொல்லிவிட்டால், நம் பெயரிலேயே நம் உறவினரிடம் பணம் கேட்பான். ‘உதவி செய்கிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று சொல்லி, நம் திரையில் தெரிவதையெல்லாம் தான் பார்க்க வழிசெய்துகொள்பவனும் உண்டு. பழைய கைப்பேசியையே பிறருக்குக் கொடுப்பதானால் சிம் கார்டை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் யாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுப்போம்.

வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘இடமாற்றம் ஆகிவிட்டது, இருசக்கர வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன், வண்டி அனுப்பும் செலவை மட்டும் முன்னால் அனுப்புங்கள்’ என்பவன் அடுத்து வரிக்கென்பான், பிறகு காப்பீட்டுக்கென்பான். வண்டி மட்டும் வராது. கண்ணால் காணாத பொருளுக்கு முன்பணம் கொடுக்கவேண்டாம்.

கல்வராயன் மலையில் வாழும் நம் சகோதரர்களை இவ்விடத்தில் நினைக்கிறோம். புளியையும் கடுக்காயையும் தேனையும் சுமந்துகொண்டு அடிவாரத்துக்கு இறங்கி வந்த பெரியவர்கள், வியாபாரியின் தராசு முள்ளைக் கவனிக்கவேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டார்கள். இன்று வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருக்கும் பேரன் மலைத்தேனைப் படமெடுத்து வெளியூருக்கே விற்கக்கூடும். அவன் பார்க்கவேண்டிய முள் கைப்பேசித் திரையில் இருக்கிறது. எண்ணைப் போடச் சொல்லும் இடத்தில் ‘பே’ என்றோ ‘செலுத்து’ என்றோ ஒரு சொல்லும், அதன் அருகே தொகையும் நிற்கும். மோசக்காரன் பேசிக்கொண்டே அவசரப்படுத்துவது அந்தச் சொல்லை நாம் படித்துவிடக் கூடாதென்பதற்காகத்தான். அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு நிமிடம் அதை வாய்விட்டுப் படித்தால் போதும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் ஒருவர் ஏமாந்துவிட்டால்? உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். இது இணையவழிப் பண மோசடிக்காக மத்திய அரசு ஏற்படுத்திய உதவி எண். நம் புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் செய்தி செல்லும். பணம் அங்கேயே இருந்தால் நிறுத்திவைக்கப்படும். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் செய்தியும் பின்தொடரும். திருடன் அதை ரொக்கமாக எடுத்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். ஆகவே இங்கு நாட்களைக் கணக்கிடுவதில்லை. நிமிடங்களையே கணக்கிட வேண்டும். நம் வங்கிக்கும் அதே வேளையில் தெரிவிக்கவேண்டும். பின்னர் மாவட்டக் காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் புகார் தரலாம். அவன் பேசிய எண், அனுப்பிய படங்கள், பணம் போன விவரம் எதையும் அழித்துவிட வேண்டாம். மலையில் அலைவரிசை கிடைக்காத இடமானால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல், அடிவாரத்தில் உள்ள உறவினர் ஒருவர் மூலமாயினும் அன்றே அழைக்கவேண்டும்.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். சங்கராபுரம் பக்கத்துத் தாயாரின் பணத்தை எடுத்தவன் திருடன். ஆனால் அதை மீட்பதற்கு இருந்த நான்கு நாட்களை எடுத்தது, வீட்டில் கேட்கப்போகும் கடுஞ்சொல்லைப்பற்றிய அச்சம். பின்னர் அவருடைய கணவர் நம்மிடம் சொன்னார்: “நான் திட்டமாட்டேன் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும் ஐயா. அது என் தவறு.” ஏமாந்தவர் குற்றம் செய்தவரல்லர். ‘உனக்கு அறிவில்லையா?’ என்ற கேள்வி பணத்தைத் திருப்பித் தராது. அடுத்த முறை உண்மையை மறைக்கத்தான் கற்றுத்தரும். ‘எப்போது நடந்தது? வா, உடனே 1930-ஐ அழைப்போம்’ என்பதே வீட்டில் எழவேண்டிய முதற்சொல்.

இன்றிரவு உணவுக்குப்பின் வீட்டார் அனைவரும் அமர்ந்திருக்கையில், பாட்டியாரும் சிறுவர்களும் கேட்க, இந்த ஒரு விதியைச் சொல்லிக்கொடுங்கள்: பணம் பெறுவதற்குப் பின் நம்பர் வேண்டாம். 1930 என்ற எண்ணைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் ஓரத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். யாருக்கு எது நேர்ந்தாலும் முதலில் வீட்டில் சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டோம் என்ற வாக்கையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.