சீசன் சமமா இருந்துச்சு... யாருக்கு?

செல்லூர்க்காரர்களிடம் கபடி பற்றிப் பேச்சு கொடுத்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது. ரவுண்டானாவிலேயே கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிற ஏரியா இது. தறிச் சத்தம் கேட்கும் தெருவில் பிறந்த பையன்கள் நடை பழகிய கையோடு "கபடி... கபடி..." என்று மூச்சு பிடிக்கவும் பழகுவார்கள். நானும் அந்தத் தெருதான். ஆனால் மூச்சு பிடித்ததில்லை, டைப் அடிக்கத்தான் பழகினேன்.

புரோ கபடி லீக்கின் 12-வது சீசன் முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. 2025 அக்டோபர் 31-ம் தேதி இறுதிப் போட்டி. தபாங் டெல்லி 31, புனேரி பல்தான் 28. டிவியை அணைத்ததும் பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இந்த சீசன்தான் சரியான சீசன் ஆத்தா. எவன் ஜெயிப்பான்னு கடைசி வரைக்கும் சொல்ல முடியல பாத்தியா?"

சித்தி பையன் ஒத்துக்கொள்ளவில்லை. காலேஜ் முதல் வருஷம் படிக்கிறான். சுற்றுவட்டாரத்தில் மின்னொளிக் கபடி நடந்தால் 65 கிலோ எடைப்பிரிவில் இறங்குகிறவன். "எல்லாரும் சமமா ஆடுனாங்கன்னா சீசன் நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமா பெரியப்பா? பர்தீப் நர்வால் ஆடுன காலம் மாதிரி வருமா?" என்றான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீதான் பத்திரிகைக்காரியாச்சே, சொல்லு!"

சரி, இந்த வாரம் நம் பஞ்சாயத்து இதுதான். ஒரு சீசன் நல்ல சீசனா, சுமாரான சீசனா என்பதை எப்படி முடிவு செய்வது? எனக்குத் தெரிந்த நாலு அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1. கோப்பை எத்தனை கை மாறியது?

2014-ல் லீக் தொடங்கியபோது முதல் கோப்பை ஜெய்ப்பூருக்குப் போனது. அடுத்து மும்பை. அதற்கடுத்த மூன்று சீசனையும் பாட்னா பைரேட்ஸ் மொத்தமாக வாரிக்கொண்டது. 'இனி எல்லா வருஷமும் இவங்கதானா?' என்று அலுத்துப்போன நேரத்தில் காற்று திரும்பியது. 6-வது சீசன் பெங்களூரு, 7-வது பெங்கால், 8-வது டெல்லி, 9-வது ஜெய்ப்பூர், 10-வது புனே, 11-வது ஹரியானா. ஆறு சீசனில் ஆறு வெவ்வேறு சாம்பியன்கள்! 12-வது சீசனில் டெல்லிக்கு இரண்டாவது கோப்பை.

மொத்தக் கணக்கு: 12 சீசன், 8 சாம்பியன்கள். இன்னும் கோப்பையைத் தொடாதவர்கள் நாலே பேர்தான். குஜராத், உ.பி., தெலுங்கு டைட்டன்ஸ், அப்புறம்... ஆமாம், நம்ம தமிழ் தலைவாஸ்.

ஜெர்மனி கால்பந்து லீக்கில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 வருஷம் பேயர்ன் மியூனிக் மட்டுமே பட்டம் வென்றது. அதோடு ஒப்பிட்டால் நம் கபடி எவ்வளவோ மேல். காரணம், ஏலம். ஒவ்வொரு அணிக்கும் செலவு செய்ய 5 கோடி ரூபாய்தான் உச்ச வரம்பு. பணக்கார முதலாளி என்பதற்காக எல்லா நட்சத்திரங்களையும் ஒருவரே அள்ள முடியாது.

அப்படியே பெரிய தொகை கொடுத்தாலும் கோப்பைக்கு உத்தரவாதம் இல்லை. 9-வது சீசனில் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது தலைவாஸ். முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். ஆனால், அவர் இல்லாமல்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அடுத்த சீசனில் அதே பவனுக்கு 2.60 கோடிக்கு மேல் கொடுத்தது தெலுங்கு டைட்டன்ஸ். அந்த சீசனில் அவர்கள் ஜெயித்தது இரண்டே ஆட்டம்!

பெரியப்பா பக்கம் ஒரு பாயின்ட்.

2. இறுதிப் போட்டி எவ்வளவு நெருக்கம்?

பழைய ஸ்கோர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். முதல் ஐந்து இறுதிப் போட்டிகளில் வித்தியாசம் 11, 6, 3, 8, 17 புள்ளிகள். அடுத்த ஏழில் 5, 5, 1, 4, 3, 9, 3. அதாவது, கடைசி ஏழு இறுதிப் போட்டிகளில் ஆறு, ஐந்து புள்ளிகளுக்குள் முடிந்திருக்கின்றன. ஒரு சூப்பர் ரெய்டும் ஒரு ஆல் அவுட்டும் சேர்ந்து விழுந்தால் தலைகீழாக மாறிவிடுகிற வித்தியாசம்தான் இது.

12-வது சீசனில் இன்னொரு நல்ல விஷயம், லீக் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களே இறுதியில் மோதினார்கள். இரண்டு மாதம் நன்றாக ஆடிய அணி ஒரு ராத்திரி சறுக்கலில் வெளியே போகவில்லை. இதிலும் பெரியப்பாவுக்கே பாயின்ட்.

3. கீழே கிடந்தவர்கள் மேலே வர முடிந்ததா?

என்னைக் கேட்டால் நாலில் முக்கியமான அளவுகோல் இதுதான். உச்சியில் இருப்பவர்கள் மாறுவதைவிட, அடியில் இருப்பவர்களுக்கு ஏறி வர வழி இருக்கிறதா என்பது பெரிது.

தெலுங்கு டைட்டன்ஸ் 8-வது சீசனில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். 9-ல் இரண்டு, 10-லும் இரண்டு. ஒவ்வொரு சீசனிலும் 22 ஆட்டம் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த அணி 12-வது சீசனில் கோப்பைக்கு ஒரு படி முன்னால் வரை வந்து, புனேயிடம் தோற்றுத்தான் வெளியேறியது. 11-வது சீசனில் கடைசி இடத்தில் இருந்த பெங்களூரு புல்ஸ், 12-ல் லீக் பட்டியலில் மூன்றாவது. நடு சீசனில் அடியில் தத்தளித்த பாட்னா, கடைசிக் கட்டத்தில் வரிசையாக ஜெயித்து பிளே-ஆஃப் வரை வந்தது.

நம்ம தலைவாஸ்? சீசனின் முதல் ஆட்டத்திலேயே இதே தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று ஜெயித்தார்கள். பவன், அர்ஜுன் தேஷ்வால் என்று இரண்டு பெரிய ரெய்டர்கள் ஒரே அணியில். வீட்டில் எல்லோரும் 'இந்த வாட்டி கப்பு நமக்குத்தான்' என்றோம். பவன் பாதியிலேயே அணியைவிட்டுப் போனார். கடைசியில் முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. தோற்றுத் தொடங்கியவர்கள் கோப்பையை நெருங்கினார்கள், ஜெயித்துத் தொடங்கியவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். வயிறு எரிந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: சமமான சீசன் என்றால் இதுதான்.

4. அட்டவணை நியாயமா?

இங்கேதான் எனக்கு உறுத்தல். 10, 11-வது சீசன்களில் ஒவ்வொரு அணிக்கும் 22 லீக் ஆட்டம். மற்ற 11 அணிகளோடும் தலா இரண்டு முறை. கணக்கு சுத்தம். 12-வது சீசனில் 18 ஆட்டம்தான். 11 அணிகளோடு 18 ஆட்டம் என்றால் எல்லோருடனும் இரண்டு முறை மோத முடியாது. யார் யாரோடு இரண்டு தடவை மோதினார்கள் என்பதில் அதிர்ஷ்டம் புகுந்துவிடுகிறது.

முன்பு ஏழு புள்ளிகளுக்குள் தோற்றால் ஒரு ஆறுதல் புள்ளி கிடைக்கும். 12-வது சீசனில் அது இல்லை. ஜெயித்தால் 2, தோற்றால் 0. டிராவும் கிடையாது, டை-பிரேக்கர், கோல்டன் ரெய்டு வைத்து முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்க விறுவிறுப்புதான். ஆனால், ஒரு புள்ளியில் தோற்றவனும் முப்பது புள்ளியில் தோற்றவனும் பட்டியலில் ஒன்று. பலவீனமான அணி உயிரைக் கொடுத்துப் போராடியதற்கு அதில் தடயமே இல்லை.

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது. உயர் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டம்தான் என்பதால் பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. ரொம்ப காலம் பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டு போட்டுத்தான் 'இவர்தான் நம்பர் ஒன்' என்றார்கள். வருஷா வருஷம் சண்டைதான். 2024 சீசனில்தான் 12 அணிகள் மோதும் பிளே-ஆஃப் வந்தது. அட்டவணை சமமாக இல்லாவிட்டால் எந்த சீசனையும் எடை போடுவது கஷ்டம் என்பதற்கு அவர்கள்தான் சாட்சி. அந்த அளவுக்கு நாம் மோசமில்லை. ஆனால், 22-ஐ 18 ஆக்கியது சரியான திசை இல்லை.

பர்தீப் என்ன ஆனார்?

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 5-வது சீசன் இறுதிப் போட்டி 55-38. நெருக்கமே இல்லை. மூன்றாவது முறையாகப் பாட்னாவே சாம்பியன். என் அளவுகோல்படி அது சப்பையான சீசன். ஆனால், அந்த சீசனில்தான் பர்தீப் நர்வால் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் 34 புள்ளிகள்! அவருடைய 'டுப்கி'யை, அதாவது பிடிக்க வருகிறவர்களின் கைக்கு அடியில் முங்கி எழுந்து ஓடும் வித்தையை, செல்லூர்ப் பையன்கள் எல்லாம் மண்ணில் விழுந்து விழுந்து பழகினார்கள்.

ஆக, சமமாக இருப்பது வேறு, தரமாக இருப்பது வேறு. எல்லோரும் சுமாராக ஆடினாலும் ஆட்டம் நெருக்கமாகத்தான் இருக்கும். அதைத் தரம் என்று சொல்ல முடியாது. லீக்கில் 1,800 ரெய்டு புள்ளிகளுக்கு மேல் குவித்த அந்த பர்தீப்பை 12-வது சீசன் ஏலத்தில் யாருமே எடுக்கவில்லை. ஓய்வு அறிவித்துவிட்டார். அந்த உயரத்துக்கு இன்னொருவர் வரும்வரை 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பையன்கள் கேட்கத்தான் செய்வார்கள். தம்பிக்கு ஒரு பாயின்ட்.

அப்போ தீர்ப்பு?

சமநிலைக்கு பத்துக்கு எட்டு, அட்டவணைக்கு ஐந்து, தரத்துக்கு ஏழு. 'நல்ல சீசன், மகத்தான சீசன் இல்லை' என்று முடித்தேன். பெரியப்பாவுக்குத் திருப்தி. தம்பிக்கு இல்லை.

"அக்கா, பன்னெண்டு அணியும் சமம்னு எழுதுற. சரி. எங்களுக்கு அது சமமா?"

எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். ஊர்க் கபடியில் எடைப்பிரிவு உண்டு. 65 கிலோ என்றால் அந்த எடைக்காரர்களோடு மட்டும்தான் மோதல். ஆட்டத்துக்கு முன்னால் மெஷினில் ஏற்றி எடை பார்த்துத்தான் இறக்குவார்கள். சமநிலை என்றால் அவனுக்கு அதுதான். சீனியர் ஆண்கள் கபடியில் உச்ச வரம்பு 85 கிலோ. அந்த உடம்பு வர சாப்பாடு வேண்டும், மேட் வேண்டும், மேட்டில் ஓட ஷூ வேண்டும், அடிபட்டால் பார்க்க ஆள் வேண்டும். மண்ணில் பழகியவனுக்கு மேட்டில் கால் வைத்ததும் வேகமே வேறாக இருக்கும்.

"தலைவாஸ்ல பெரிய பேருன்னு நீ எழுதியிருக்கிறதுல எத்தனை பேரு நம்ம ஊரு?" என்று கேட்டான். அஜய் தாக்கூர் ஹிமாச்சல். நரேந்தர், சாகர் ஹரியானா. பவன் டெல்லி. என்னிடம் பதில் இல்லை.

நம் ஆட்களிடம் திறமை இல்லாமலா? 2016-ல் பாட்னா கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர் தர்மராஜ் சேரலாதன். 2019-ல் பெங்கால் வென்றபோது பிரபஞ்சன். 2022-ல் ஜெய்ப்பூர் வென்றபோது அஜித் குமார். மூன்று பேரும் தமிழ்நாடு. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டத்து அபினேஷும் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கத்தோடு வந்தார்கள். தென் மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-லேயே ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றவர். ஆட்கள் இருக்கிறார்கள். தெருவிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதைதான் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இல்லை.

தம்பி இந்த வருஷத்தோடு கபடியை நிறுத்திவிட்டு, சாயங்காலம் பார்ட் டைம் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். சித்திக்கு அதுதான் இஷ்டம். 'முட்டிக்கால் போச்சுன்னா யார் பாக்குறது?' என்கிறார். அதிலும் தப்பில்லை. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது என்றேன். "அதுக்கு மொதல்ல மாநில அணியில இடம் பிடிக்கணுமேக்கா" என்றான்.

அதனால், என் மதிப்பெண் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: 'ஒரு சீசன் முடியும்போது, டிவி பார்த்த பையன்களில் எத்தனை பேருக்கு அடுத்த சீசனில் அங்கே நிற்க வழி கிடைத்தது?' அதற்கு மட்டும் இன்னும் மார்க் போடவில்லை.

பெரியப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் பைக் சத்தம். "டேய், கிளம்புடா. கிரவுண்டுக்கு நானே கொண்டு விடுறேன்." பொங்கல் போட்டி வரைக்குமாவது ஆடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சித்தியிடம் பேசி வாங்கியிருக்கிறார்.

உங்கள் தெருவிலும் ஒரு 65 கிலோ பையனோ பொண்ணோ இருப்பார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது 'இன்னும் ஆடுறியா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்!