முதுகுக்குப் பின்னால்

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளியலறையில் வழுக்கி ஓடிய சோப்பை எடுக்கக் குனிந்தேன். சோப்பு கிடைத்துவிட்டது. நிமிரத்தான் முடியவில்லை.

இடுப்பின் இடது பக்கம் ஆரம்பித்து, தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைத் தொட்டுக்கொண்டு கட்டை விரல்வரை சுரீரென்று ஒரு கரண்ட். சுவரைப் பிடித்தபடி தலைகீழ் 'ட' மாதிரி நின்றேன். மனைவி கதவைத் தட்டி, "என்ன, உள்ளேயே தூங்கிட்டீங்களா?" என்றாள். பதில் சொல்ல மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டால் வலித்தது.

மூன்று நாள் லீவு. நாலாம் நாள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஆபீஸ் போனேன். கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சரியாகிவிடும் என்றார் கேஷியர். விசாரித்ததில், எங்கள் ஆபீசில் அப்படிப் பிறந்தவர் மேனேஜர் ஒருவர்தான். அவர் ஏற்கெனவே போதுமான அளவு மிதிக்கிறார் என்பதால் விட்டுவிட்டேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்தால் தலைமாட்டில் நாலு பேர் தகரக் கொட்டகை போடுகிற மாதிரி சத்தம். ரிப்போர்ட்டில் எல்-4, எல்-5 என்று ஏதோ பஸ் ரூட் போல எழுதி, நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "அடுத்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம். இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார். முதல் வாக்கியத்தைவிட இரண்டாவது என்னை அதிகம் பயமுறுத்தியது.

டிஸ்க் என்பது என்ன? கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே ஒன்று. வெளியே கெட்டியான மாவு, உள்ளே கொழகொழவென்று பூரணம். மாவு கிழிந்தால் பூரணம் பின்பக்கமாக வெளியே வந்து, பக்கத்தில் போகிற நரம்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. இடிப்பது இடுப்பில், வலிப்பது காலில்.

கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் 181 பேரை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி மாவு கிழிவதைவிட, கொழுக்கட்டை தட்டில் ஒட்டியிருந்த இடம், அதாவது டிஸ்க்கும் எலும்பும் சேர்கிற விளிம்பு, பெயர்ந்து வருவதுதான் அதிகமாம். உலக அளவில் பரிசு வாங்கிய ஆராய்ச்சி. நம்ம ஊர்க்காரர்கள் என்பதால் ஒரு வரி சேர்த்தே சொல்கிறேன்.

குனிந்ததற்கா இவ்வளவு தண்டனை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஜெர்மனியில் உல்ம் என்கிற ஊரில் 45 வயது எலும்பு டாக்டர் ஒருவர் தன் முதுகு டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சின்ன அழுத்தமானியைச் செருகிக்கொள்ளச் சம்மதித்தார். அவரும் அதே எல்-4, எல்-5 ரூட்தான். 1999-ல் வெளிவந்த கணக்கு: நிற்கும்போது டிஸ்க்கில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3. நாற்காலியில் அலட்சியமாகச் சரிந்து உட்கார்ந்தால் வெறும் 0.3. இந்தக் கடைசி எண்ணை வெட்டி ஒட்டி ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேனேஜர் இன்னும் படிக்கவில்லை.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். படுத்தே கிடந்த வாரங்களில் படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்று இரண்டு டாக்டர்கள், இந்தக் கால்வலிக்குக் காரணம் பிதுங்கிய டிஸ்க், அதை வெட்டி எடுத்தால் வலி போகும் என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் அந்த இடத்தைத் திறந்து பார்த்தவர்கள் அதை ஏதோ கட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் உலகமெங்கும் டிஸ்க் வெட்டுவது வழக்கமாகிவிட்டது. வெட்டியவர்களுக்கு வலி போனது வாஸ்தவம். வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல வருஷம் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

கேட்டவர் நார்வேயில் வெபர் என்கிற டாக்டர். ஆபரேஷன் தேவையா இல்லையா என்று சந்தேகமாக இருந்த 126 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார். பாதிப் பேருக்குக் கத்தி, மீதிப் பேருக்குக் காத்திருப்பு. பத்து வருஷம் பின்தொடர்ந்து 1983-ல் முடிவைச் சொன்னார். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். நாலு வருஷத்தில் வித்தியாசம் தேய்ந்துவிட்டது. பத்து வருஷத்தில் இரண்டு கோஷ்டியும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இன்னும் பெரிதாக, 501 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. "உனக்கு ஆபரேஷன்" என்று சீட்டு விழுந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் பாதிப் பேர்தான் செய்துகொண்டார்கள். "உனக்கு வேண்டாம்" என்று சீட்டு விழுந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர், முடியாது சாமி என்று போய்ச் செய்துகொண்டுவிட்டார்கள். அவரவர் வலி அவரவருக்கு. சீட்டுக்கு அது தெரியுமா? கடைசியில் யாரை யாரோடு ஒப்பிடுவது என்று நிபுணர்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது 2007-ல் ஹாலந்தில் வந்தது. 283 பேர். எல்லோருக்கும் ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை கடுமையான கால்வலி. ஒரு கோஷ்டிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். இன்னொன்றுக்கு மாத்திரை, ஆறுதல், தாங்கவே முடியாவிட்டால் பார்ப்போம். அந்த இரண்டாவது கோஷ்டியில் 39 சதவீதம் பேர் பிற்பாடு ஆபரேஷனுக்குப் போனார்கள். மற்றவர்கள் போகாமலே சமாளித்தார்கள். ஒரு வருஷ முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் "தேவலை" என்றார்கள். ஆனால் தேவலை என்று சொல்ல ஆபரேஷன்காரர்களுக்கு ஆனது சுமார் 4 வாரம். காத்திருந்தவர்களுக்கு 12 வாரம்.

அதாவது கத்தி வாங்கித் தருவது எட்டு வாரம். தினம் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு எட்டு வாரம் என்பது பெரிய சொத்து. என் மாதிரி நாற்காலியில் சரிந்து பிழைக்கிறவனுக்கு மெடிக்கல் லீவு இருக்கிறது.

இன்னொரு ஆச்சரியம். வெளியே வந்த பூரணத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2015-ல் கணக்குப் பார்த்தார்கள். லேசாகப் புடைத்த டிஸ்க் சுருங்கியது நூற்றுக்கு 13 பேருக்குத்தான். துண்டாகவே அறுந்து விழுந்த கேஸ்களில் 96 பேருக்கு! படத்தில் பார்க்கப் பயங்கரமானதுதான் சீக்கிரம் கரைகிற சாதி. படமும் முழுக்க நம்பத்தகுந்ததில்லை. 1990-ல் அமெரிக்காவில், முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாத 67 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதுக்குக் கீழே இருந்தவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்கள் பாட்டுக்குச் சோப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி என்று வயதான இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் படத்தை அப்புறம்தான் பார்த்தார். முதலில் காலைப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், கட்டை விரலைத் தூக்கச் சொன்னார், குண்டூசியால் குத்திப் பார்த்தார். "எட்டு வாரம் பாக்கலாம் தம்பி. படுத்தே கிடக்காதே, முடிஞ்சவரைக்கும் நட. ரொம்ப இழுத்தடிக்கவும் கூடாது. ஆறு மாசம், எட்டு மாசம்னு வலி போகாதவங்களுக்கு ஆபரேஷன்தான் நல்லதுன்னு 2020-ல கனடாவுல காட்டியிருக்கான்" என்றார். எழுந்து வாசல்வரை வந்தபின் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னார்:

"ஒண்ணுக்குப் போறதுல தகராறு வந்தா, உட்கார்ற இடம் மரத்துப்போனா, பாதம் தொங்கிப்போனா, எட்டு வாரமெல்லாம் கிடையாது. அன்னிக்கே வரணும். ராத்திரி ரெண்டு மணின்னாலும்."

தலையாட்டினேன்.

ஒன்பதாம் வாரம் வலி குறைந்தது. பத்தாம் வாரம் நானே சோப்பை எடுத்தேன். பதினோராம் வாரம் நான் ஆபீஸ் கேன்டீனில் முதுகு நிபுணன் ஆகிவிட்டேன். நார்வே, ஹாலந்து, பூரணம், 95 சதவீதம். இட்லி ஆறுவதற்குள் மூன்று பேரை ஆபரேஷனிலிருந்து காப்பாற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியிலிருந்து மச்சினன் போன் செய்தான். 34 வயது. மருந்துக் கம்பெனி வேலை, நாளெல்லாம் பைக்.

"மாமா, எனக்கும் டிஸ்க்காம். ரெண்டு காலும் வலிக்குது. ஆபரேஷன்கறாங்க."

"பயப்படாதே. வெயிட் பண்ணு. தானா கரைஞ்சிடும்" என்றேன். ஹாலந்து கணக்கை ஒப்பித்தேன். இரண்டு காலும் என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் விழவில்லை.

நாலு வாரம் போனது. ஒரு சனிக்கிழமை காலை அவன் மனைவி என் மனைவிக்குப் போன் செய்தாள். "நேத்து ராத்திரியிலேர்ந்து யூரினே போகலையாம் அண்ணி. சூடு பிடிச்சிருக்கும்னு ரெண்டு இளநி குடுத்தேன். வெந்தயமும் ஊறப் போட்டுக் குடுத்தேன்."

நான் அப்போது தினசரியில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தேன். பேனா அப்படியே நின்றது. போனைப் பிடுங்கி, அவனைப் பேசச் சொன்னேன்.

"டேய், உட்கார்ற இடத்துல தொட்டாத் தெரியுதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "ரெண்டு நாளா மரத்த மாதிரிதான் இருக்கு மாமா. சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றான்.

முதுகுத் தண்டு நாம் நினைக்கிற மாதிரி இடுப்பு வரைக்கும் வருவதில்லை. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. லத்தீனில் அதற்குக் குதிரை வால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வாலில்தான் சிறுநீர்ப் பைக்கும் மலத்துக்கும் ஆண்மைக்கும் போகிற மெல்லிய இழைகள் இருக்கின்றன. பெரிய துண்டாகப் பிதுங்கி மொத்த வாலையும் நசுக்கினால், வலி என்பது சின்ன விஷயமாகிவிடும். 2000-ல் 322 நோயாளிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில், 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அதற்கு மேல் ஆனவர்களுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. அதைவிடச் சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது என்கிறவர்களும் உண்டு. இங்கே யாரும் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில்லை. குலுக்கவும் முடியாது. காத்திரு என்று எவனுக்குச் சீட்டுக் கொடுப்பது?

நான் கொடுத்திருந்தேன்.

அன்று மத்தியானமே சேர்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது விடிந்துவிட்டது. வராந்தாவில் மாமியார் உட்கார்ந்திருந்தார். "நீங்க சொன்னீங்கன்னுதான் மாப்ளே இருந்தான்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ரப்பர் குழாயும் பையுமாக மூன்று வாரம் இருந்தான். ஒருநாள் குழாயை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி பாத்ரூம் வாசலில் நானும் அவன் மனைவியும் ஏதோ எக்ஸாம் ரிசல்ட் மாதிரி காத்திருந்தோம். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஆகச் சிறந்த சங்கீதங்களில் அதுவும் ஒன்று.

பொங்கலுக்கு வந்திருந்தான். நன்றாக நடக்கிறான். சாப்பிட உட்காரும்போது ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டான். மரத்துப்போன இடம் முழுதாகத் திரும்பவில்லை, மெதுவாக வரலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். வேறு சிலதும் இருக்கின்றன. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாயசம் முடிந்ததும், "மாமா, இனிமே பைக் ஓட்டலாமா?" என்றான்.

எனக்குத் தெரிந்த நாலு ஆராய்ச்சியும் நாக்கு நுனிவரை வந்தன.

"டாக்டரைக் கேளு" என்றேன்.